பித்தளைத் தாழ்ப்பாளும் வெள்ளை வேனும்

வெங்கிட்டு புது வேன் எடுத்துக்கொண்டு வந்த அன்றைக்கு ஒச்சப்பன் தன் வேனைக் கழுவவில்லை. பதினொரு வருஷமாக ஒரு நாளும் தவறாத காரியம் அது. மலையாளக் கரையோர மட்டாஞ்சேரியில் நகரசபைத் துப்புரவுக்காரர்களுக்கென்று எந்தக் காலத்திலோ கட்டிய ஓட்டு வீட்டு வரிசையில், குழாயடிக்குப் பெண்கள் குடத்தோடு வருவதற்கு முன்பே அவன் வாளியோடு நிற்பான். அன்றைக்கு வாளி கவிழ்ந்தே கிடந்தது.

"காய்ச்சலா?" என்று கேட்டாள் அவன் மனைவி பேச்சியம்மாள்.

"ஆமா."

காய்ச்சல்தான். அது வெள்ளை வெளேரென்று, நெற்றியில் சந்தனமும் கழுத்தில் சாமந்தி மாலையுமாக அடுத்த வாசலில் நின்றுகொண்டிருந்தது.

அடுத்த வாசல் என்பதுகூடச் சரியில்லை. வாசல் இரண்டு, வீட்டு நம்பர் ஒன்று. பேச்சியம்மாளின் அப்பாவுக்கு நகரசபை கொடுத்த பத்தொன்பதாம் நம்பர் வீட்டைத்தான் நடுவில் ஒரு பலகைத் தட்டி அடித்து இரண்டாக்கியிருந்தார்கள். ரோட்டுப் பக்கம் மகளும் மருமகன் ஒச்சப்பனும். பின்பக்கம் மகன் வெங்கிட்டு. தட்டிக்கு மேலே ஒரு முழம் இடைவெளி. அந்த வழியாகத் தேங்காய் மூடியும் தீப்பெட்டியும் போகும், வரும். இந்தப் பக்கம் ஒச்சப்பன் இருமினால் அந்தப் பக்கம் வெங்கிட்டு, "சுக்குக் காப்பி போட்டுத் தரச் சொல்லட்டா அத்தான்?" என்பான். அப்படி ஒரு மச்சினன். அதுதான் தாங்க முடியவில்லை. கெட்டவனாக இருந்தால் வைதுவிட்டுப் போயிருக்கலாம்.

அந்த வரிசையில் முதன்முதலில் சொந்தமாக வண்டி வைத்தவன் ஒச்சப்பன். அவன் அப்பா குப்பை வண்டி தள்ளினார். மகன் தொண்ணூற்று நாலில் பழைய டீசல் வேன் ஒன்றை எடுத்துப் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றினான். மட்டாஞ்சேரிச் சந்துகளில் பதினாறு பிள்ளைகளைப் பொறுக்கிக்கொண்டு, தோப்பும்படி தாண்டி, பழைய பாலம் ஏறி, வெலிங்டன் தீவில் இருக்கும் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் இறக்குவான். யூனிஃபார்ம் போட்ட பிள்ளைகள் அவனை "டிரைவரங்கிள்" என்று கூப்பிட்டார்கள். அவன் அப்பாவை அந்தத் தெருக்களில் யாரும் பெயர் சொல்லிக்கூடக் கூப்பிட்டதில்லை.

இரண்டாம் வருஷமே வேனின் பக்கக் கதவுப் பூட்டு கெட்டுப்போனது. தோப்பும்படித் துறைமுகத்தை ஒட்டி வர்க்‌ஷாப் வைத்திருந்த மாரிச்செல்வம், உடைக்கப் போட்ட மீன்பிடிப் படகின் அறைக்கதவிலிருந்து ஒரு பித்தளைத் தாழ்ப்பாளைக் கழற்றி வேனுக்கு வெளியே திருகிக் கொடுத்தான். "உப்புக் காத்துல இருபது வருஷம் கடல்ல கிடந்த சாமான். உன் வண்டி செத்தாலும் இது சாகாது" என்றான். அன்றிலிருந்து ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒச்சப்பன் இறங்க வேண்டும், சுற்றி வர வேண்டும், தாழ்ப்பாளைத் தள்ள வேண்டும், ஏற்ற வேண்டும், திரும்பத் தாழ்ப்பாளைப் போட்டு உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்ட வேண்டும். காலையில் பதினாறு தடவை, சாயங்காலம் பதினாறு தடவை. மழையென்றால் தலையில் ஒரு பிளாஸ்டிக் உறை.

அந்த வண்டியில்தான் வெங்கிட்டு ஓட்டப் பழகினான். கியர் மாற்றத் தெரியாமல் வண்டியைக் கதற வைத்தபோதெல்லாம் மண்டையில் குட்டு வைத்தவன் ஒச்சப்பன்.

அந்த வெங்கிட்டுதான் இரண்டாயிரத்து ஐந்து ஏப்ரலில் புது வேன் எடுத்தான். வரிசையே கூடி நின்று பார்த்தது. பின்சீட்டுக் கதவைத் திறந்து, அதன் விளிம்பில் இருந்த நகக்கண் அளவு நெம்புகோலைக் கீழே தள்ளிக் காட்டினான்.

"இது பிள்ளைப் பூட்டு. இதைத் தள்ளிட்டா உள்ள இருந்து எப்படி இழுத்தாலும் கதவு திறக்காது. வெளிய இருந்துதான் திறக்கணும். அம்மாமாரே திறந்து ஏத்திட்டுக் கதவைச் சாத்தினா போதும், நான் சீட்டை விட்டு இறங்கவே வேண்டாம்."

"அப்ப ஒச்சப்பன் சேட்டன் மாதிரி வண்டியைப் பிரதட்சணம் பண்ண வேண்டாம்" என்றாள் மூன்றாம் வீட்டுக் கமலாக்ஷி. எல்லோரும் சிரித்தார்கள். பேச்சியம்மாளும் சிரித்தாள். மற்றவர்கள் சிரித்ததை ஒச்சப்பன் மறந்துவிட்டான்.

ஜூனில் பள்ளிக்கூடம் திறந்தபோது பதினாறு பிள்ளைகளில் ஒன்பது பேர் வெள்ளை வேனுக்குப் போய்விட்டார்கள். கமலாக்ஷியின் மகன்தான் முதலில் போனான். ஒவ்வொருவரும் ஒவ்வொரு காரணம் சொன்னார்கள்: புகை, சத்தம், மழையில் ஒழுகுகிறது. ஒன்பதாவது ஆள் எந்தக் காரணமும் சொல்லவில்லை. தரையில் உட்கார்ந்து காலை உதைத்துக்கொண்டு அழுதது. அது ஒச்சப்பனின் சொந்த மகள், இரண்டாம் வகுப்புப் படிக்கும் ஷீஜா.

"அனீஷ் போறான்ல, நானும் மாமன் வண்டியிலதான் போவேன்!"

அனீஷ், வெங்கிட்டுவின் மகன். பேச்சியம்மாள், "போகட்டுமே, வேற யாரு வண்டியா?" என்றாள். ஒச்சப்பன் எழுந்து போனான். தான் பெற்ற பிள்ளை தன் வண்டிக்கு முன்னால் இன்னொருவன் வண்டியில் போவதைத் தினமும் பார்த்துக்கொண்டே ஓட்ட வேண்டும். பின்கண்ணாடி வழியாக ஷீஜா கையை ஆட்டுவாள். இவனும் ஆட்டுவான். வயிறு பற்றிக்கொண்டு எரியும்.

ராத்திரிச் சோற்றின்போது அவள் வாயில் மாமன் வண்டியைத் தவிர வேறு பேச்சு இல்லை.

"அப்பா, பழைய பாலத்துல நடுவுல இரும்புத் தகடு தடதடன்னு சத்தம் போடும்ல, அங்க வர்றப்ப நாங்க எல்லாரும் ஒவ்வொருத்தரா கதவுப் பிடியை இழுப்போம். திறக்கவே திறக்காது! யாரு அதிகத் தடவை இழுக்கிறாங்களோ அவங்க ஜெயிச்சாங்க. நான்தான் கதவோரம். நான்தான் எப்பவும் ஜெயிப்பேன்."

"ஓ" என்றான் ஒச்சப்பன். அவன் வண்டியில் அந்த மாதிரி விளையாட்டு ஒன்றும் இல்லை என்பது அவனுக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

அப்படி இருக்கும்போதுதான் அந்தக் கடிதம் வந்தது. பத்தொன்பதாம் நம்பருக்கு வரும் எல்லாத் தபாலையும் தபால்காரர் ரோட்டுப் பக்க வாசலில்தான் போடுவார். வெங்கிட்டுவின் பெயர் இருந்தால் ஒச்சப்பன் தட்டிக்கு மேலே வைப்பான். அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கை நீண்டு எடுத்துக்கொள்ளும். பல வருஷ வழக்கம். அன்றைக்கு வந்தது நீளமான வழவழப்பு உறை, மூலையில் வேன் கம்பெனியின் முத்திரை. ஓரம் சரியாக ஒட்டியிருக்கவில்லை. ஒட்டியிருந்தாலும் பிரித்திருப்பான்.

ஒரு பக்கம் இங்கிலீஷ், மறுபக்கம் மலையாளம். ஒச்சப்பன் படித்தது நாலாம் வகுப்புவரை தமிழ். மலையாளம் பஸ் போர்டிலும் சினிமா போஸ்டரிலும் கற்றது. எழுத்துக் கூட்டிக் கூட்டி வாசித்தான். மேலே வெங்கிட்டுவின் வண்டி நம்பர். 'பிரியப்பட்ட வாடிக்கையாளரே' என்று ஒரு விளிப்பு. 'குழந்தைகளின் பாதுகாப்பு' என்று ஒரு வரி. 'பின்கதவுகளுக்குப் புதிய பூட்டு.' பிறகு தடித்த எழுத்தில், 'முற்றிலும் இலவசம்'. கீழே, எங்கள் சர்வீஸ் சென்டருக்கு வாருங்கள் என்ற அழைப்பு. நடுவில் இருந்த நீண்ட பத்தி முழுக்கச் சின்ன எழுத்து, நீளநீளமான சொற்கள். அதை விட்டுவிட்டான். விஷயம்தான் புரிந்துவிட்டதே.

கம்பெனி வெங்கிட்டுவுக்கு மரியாதை செய்கிறது. கல்யாணத்துக்குக் கூப்பிடுவதுபோல் பெயர் போட்டுக் கூப்பிடுகிறது. இரண்டு மாசம் ஓட்டியவனுக்குப் பிரியப்பட்டவரே என்று ஒரு கடிதம், சும்மா இரண்டு பூட்டு! பதினொரு வருஷமாக ஓட்டுகிறவன் உயிரோடு இருக்கிறானா என்று ஒச்சப்பனின் வண்டியைச் செய்த கம்பெனி ஒரு கார்டு போட்டதுண்டா? கெட்டுப்போன பூட்டுக்குப் பதிலாக அவனுக்குக் கிடைத்தது செத்த படகின் தாழ்ப்பாள்.

"யாரு லெட்டர்?" என்று உள்ளேயிருந்து பேச்சியம்மாள் கேட்டாள்.

"ஆஸ்பத்திரி முகாம் நோட்டீஸ்."

கிழிக்க மனம் வரவில்லை. தட்டிக்கு மேலே வைக்கவும் கை எழவில்லை. வேனில் தன் சீட்டின் ரெக்ஸினைத் தூக்கி அடியில் சொருகினான். அவன் பூட்டே புதுப் பூட்டு, இன்னொரு புதுப் பூட்டு இல்லாவிட்டால் குடியா முழுகிப்போகும் என்று தனக்கே சொல்லிக்கொண்டான். மறுநாளிலிருந்து மச்சினனுக்கு வந்த மரியாதையின்மேல் உட்கார்ந்துதான் வண்டி ஓட்டினான். சொன்னால் வெட்கம், மூன்று நாள் மனசு லேசாகக்கூட இருந்தது.

ஒன்பதாம் நாள் மத்தியானம் பிரேக் இறுக்குவதற்காக மாரிச்செல்வத்தின் வர்க்‌ஷாப்புக்குப் போனான். மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. வேலை முடிகிற நேரத்தில், கையைத் துணியில் துடைத்தபடி மாரிச்செல்வம் கேட்டான்:

"உன் மச்சினன் வண்டியைக் கொண்டுபோய்க் காட்டிட்டானா?"

"எதுக்கு?"

"லெட்டர் வரலையா? அந்த மாடல் வாங்கின எல்லாருக்கும் கம்பெனி போட்டிருக்கான்ல. மொத்த வண்டியையும் திரும்பக் கூப்பிடுறான்."

ஒச்சப்பனுக்குச் சின்ன ஆறுதல். வெங்கிட்டுவுக்கு மட்டும் இல்லையா, எல்லாருக்குமா? "மரியாதை பண்றதுக்குத்தானே?" என்றான், சிரித்துக்கொண்டே.

"மரியாதையா? எந்தா ஒச்சப்பா, எந்தக் கம்பெனிடா சும்மா கூப்பிட்டு மரியாதை பண்ணுவான்? தப்பாச் செஞ்சு வித்துட்டான், அதைத் திருத்திக்கக் கூப்பிடுறான். பின்கதவுல பிள்ளைப் பூட்டுன்னு ஒண்ணு இருக்குல்ல, அதுக்குள்ள உள்ள ஸ்பிரிங் நிக்க மாட்டேங்குதாம். பூட்டியிருக்கிற மாதிரி காட்டும். நாலு தடவை இழுத்தா திறக்காது, அஞ்சாவது தடவை திறந்துக்கும். ஆலப்புழைப் பக்கம் ஓடுற வண்டியில திறந்து, ஒரு குட்டிப் பிள்ளை தொங்கிருச்சு. பக்கத்துல இருந்த பையன் ஸ்கூல் பையைப் பிடிச்சதால..."

மிச்சத்தை ஒச்சப்பன் கேட்கவில்லை. அவன் காதில் இரும்புத் தகடு தடதடத்தது. நான்தான் கதவோரம். நான்தான் எப்பவும் ஜெயிப்பேன்.

"மணி என்ன?"

"மூணேகால். ஏன்டா, முகம் வெளுத்துப் போச்சு?"

மூன்றரைக்குப் பள்ளிக்கூடம் விடும். வண்டியை எடுத்தான். பழைய பாலத்தின் வாயில் ஒரு கன்டெய்னர் லாரி எதிரே வந்த பஸ்ஸோடு முட்டிக்கொள்வதுபோல் நின்று, யார் பின்னால் போவது என்று டிரைவர்கள் இருவரும் வாய்ச்சண்டையில் இருந்தார்கள். ஒச்சப்பன் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. இறங்கிப் போய் லாரிக்காரனிடம் கைகூப்பினான். "என் பிள்ளை சேட்டா, என் பிள்ளை" என்று மட்டும்தான் வந்தது. லாரி நகர்ந்தது.

தீவில் பள்ளிக்கூட ரோட்டில் திரும்பும்போதே வெள்ளை வேன் எதிரே வந்துகொண்டிருந்தது. ஒச்சப்பன் தன் வண்டியைக் குறுக்கே போட்டான்.

வெங்கிட்டு தலையை வெளியே நீட்டினான். "அத்தான், என்ன இது? பிள்ளைங்களை வெச்சுக்கிட்டு நடுரோட்டுலயா? கோபம் இருந்தா வீட்டுல பேசலாம்."

"பிள்ளைங்களை இறக்கு."

"எதுக்கு?"

"கதவு நிக்காது. பூட்டு கெட்டது. இறக்குடா!"

வெங்கிட்டு கீழே இறங்கி வந்தான். அவன் முகத்தில் கோபத்தைவிடச் சங்கடம்தான் அதிகம். பெரியவர் ஒருவர் பொறாமையில் புத்தி கெட்டுப்போய் நிற்பதைப் பார்ப்பவனின் சங்கடம். "புதுப் பூட்டு அத்தான். பாருங்க, நீங்களே பாருங்க." கதவைத் திறந்து நெம்புகோல் கீழே இருப்பதைக் காட்டினான். ஷீஜாவை நகர்த்திவிட்டு ஒச்சப்பன் உள்ளே உட்கார்ந்தான். வெங்கிட்டு வெளியிலிருந்து கதவைச் சாத்தினான்.

ஒச்சப்பன் பிடியை இழுத்தான். திறக்கவில்லை.

இன்னொரு தடவை. இல்லை. பிள்ளைகள் எண்ண ஆரம்பித்தார்கள். "மூணு! நாலு!" அவனும் விளையாட வந்திருக்கிறான் என்று நினைத்து ஷீஜா கைதட்டினாள். "அப்பா, நான் பதினேழு வரைக்கும் இழுத்திருக்கேன்!" கண்ணாடிக்கு வெளியே வெங்கிட்டு தலையை ஆட்டிச் சிரித்தான். ஆறு, ஏழு, எட்டு. மாரிச்செல்வம் கேள்விப்பட்டது பொய்யாக இருந்தால் நன்றாக இருக்கும் என்று ஒச்சப்பனுக்கு ஒரு நிமிஷம் தோன்றியது; பொய்யாக இருந்தால் இந்த ரோட்டில் தன் மானம் போய்விடும் என்றும் தோன்றியது. இரண்டில் எது வேண்டும் என்று கேட்டால் அந்த நேரத்தில் அவனால் சொல்லியிருக்க முடியாது.

பதினோராவது இழுப்பில் கதவு எண்ணெய் போட்டதுபோல் திறந்தது. சாய்ந்திருந்த ஒச்சப்பனின் தோள் வெளியே போய் வெங்கிட்டுவின் நெஞ்சில் இடித்தது.

பிள்ளைகள் "ஹோ" என்று கத்தினார்கள். வெங்கிட்டு கதவையும் நெம்புகோலையும் மாறி மாறிப் பார்த்தான். நெம்புகோல் கீழேதான் இருந்தது.

"உங்களுக்கு எப்படித் தெரியும் அத்தான்?"

ஒச்சப்பன் தன் வேனுக்குப் போய், சீட்டு ரெக்ஸினைத் தூக்கி, நசுங்கிப்போன உறையைக் கொண்டுவந்து கொடுத்தான். வெங்கிட்டு ஒன்பதாம் வகுப்புவரை மலையாளம் படித்தவன். ஒச்சப்பன் விட்டுவிட்ட அந்த நடுப் பத்தியைத்தான் அவன் முதலில் வாசித்தான். பிறகு உறையைத் திருப்பித் தபால் முத்திரையின் தேதியைப் பார்த்தான். வெள்ளை வேனுக்குள் தன் மகன் அனீஷைப் பார்த்தான்.

"ஒன்பது நாளா அத்தான்?"

ஒச்சப்பன் போய்ப் பழைய வேனின் தாழ்ப்பாளைத் தள்ளினான்.

வெங்கிட்டு பிள்ளைகளை ஒவ்வொருவராக இறக்கிப் பழைய வேனில் ஏற்றினான். பள்ளிக்கூட வாசலில் காத்திருந்த ஏழு பேரும் ஏறினார்கள். பதினாறு பேர். ஒரு மாசமாக ஒச்சப்பன் கனவு கண்ட கூட்டம் அது. மடிமேல் மடியாக, பழைய மாதிரியே நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். தாழ்ப்பாளைப் போட்டு அவன் ஒரு தடவைக்கு இரண்டு தடவை தட்டினான். பின்னால் காலியான வெள்ளை வேன் மெதுவாக வந்துகொண்டிருந்தது.

அன்று சாயங்காலமே வரிசை முழுக்கச் செய்தி பரவிவிட்டது. ஆனால் பரவிய செய்தி வேறு. சாயாக்கடையில் வெங்கிட்டு எல்லோரிடமும், "அத்தான் மட்டும் ஓடி வந்து நிறுத்தலேன்னா இன்னிக்கு என்ன ஆயிருக்கும்னு நினைக்கவே முடியல" என்றான். கடிதத்தைப் பற்றி மூச்சு விடவில்லை. கமலாக்ஷி கிண்ணம் நிறையப் பாயசம் கொண்டுவந்தாள். "சேட்டன் பிரதட்சணம் பண்றதைக் கேலி பண்ணினேன். இனி என் மகன் உங்க வண்டியிலதான்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பேச்சியம்மாள் புருஷனைப் புதுப்பெண் மாதிரி பார்த்தாள்.

பாயசத்தை அவன் தொடவில்லை. மறுநாள் குழாயடியில் ஒச்சப்பன் வெங்கிட்டுவை மடக்கினான்.

"ஏன்டா உள்ளதைச் சொல்லல?"

"சொன்னா உங்க வண்டியில எவ பிள்ளையை அனுப்புவா? விடுங்க அத்தான்."

புது வண்டி அவனுக்கு. பிரியப்பட்டவரே என்று கடிதம் அவனுக்கு. இப்போது பெருந்தன்மையும் அவனுக்கு. அந்தப் பெருந்தன்மையின் நிழலில் வாழ்நாள் முழுக்க வண்டி ஓட்ட வேண்டும். ஒரு வேனையாவது என்றைக்காவது ஒருநாள் வாங்கிவிடலாம். இதை எங்கே போய் வாங்குவது? வெங்கிட்டு தன்னைப் பிடித்து நாலு அறை அறைந்திருந்தால்கூட இவ்வளவு எரிந்திருக்காது.

அன்று மத்தியானம் சோறு போட வந்த பேச்சியம்மாளிடம் அவனே சொன்னான்.

"அந்த ஆஸ்பத்திரி நோட்டீஸ். அது கம்பெனி லெட்டர். ஒன்பது நாள் என் சீட்டுக்கு அடியில இருந்துச்சு."

கரண்டி அவள் கையில் அப்படியே நின்றது. "எதுக்கு?"

"அவனுக்கு வந்துச்சே, அதுக்கு."

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தான். அவள் சோற்றைப் போட்டுவிட்டு எழுந்து, ஷீஜா தூங்கும் பாயைச் சுருட்டித் தட்டிக்கு மேலே தூக்கி அந்தப் பக்கம் போட்டாள். பிறகு தன்னுடையதையும் போட்டாள். போகும்போது கமலாக்ஷி வீட்டில் பாயசக் கிண்ணத்தைத் திருப்பிக் கொடுத்தாள். கூடவே விஷயத்தையும் சொல்லிவிட்டாள். மறுநாள் கமலாக்ஷியின் மகன் வரவில்லை. மேலும் இரண்டு பேர் வரவில்லை. மற்றவர்கள், போக வேறு வழியில்லாததாலோ தாழ்ப்பாளை நம்பியோ, வந்தார்கள்.

பேச்சியம்மாள் இரண்டு வண்டியையும் வேண்டாம் என்றாள். காலையில் ஷீஜாவைக் கையில் பிடித்துக்கொண்டு பஸ் ஸ்டாப்பில் போய் நின்றாள். ஒச்சப்பன் தினமும் அந்த வழியாகத்தான் போக வேண்டும். ஹாரன் அடிப்பான். அவள் பஸ் வரும் திசையைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

வெள்ளை வேன் பத்து நாள் கழித்துப் புதுப் பூட்டோடு திரும்பி வந்தது. வந்ததும் வெங்கிட்டு அதை நேரே தோப்பும்படிக்கு ஓட்டிப்போய், மாரிச்செல்வத்திடம் சொல்லிக் கதவுக்கு வெளியே ஒரு பித்தளைத் தாழ்ப்பாள் வைத்தான். ஒச்சப்பன் போகிற போக்கில் பார்த்தான். தன்னுடையதைவிட ஒரு விரற்கடை நீளம். மெருகு போட்டது வேறு. முகம் பார்க்கலாம்போல் மின்னியது. என்னுடையதுக்கு ஏன்டா மெருகு போடலை என்று மாரிச்செல்வத்திடம் சண்டைக்குப் போகக்கூட இருந்தான்.

ஜூலை மாசக் காலை ஒன்றில் மழை வானத்தைக் கிழித்துக்கொண்டு கொட்டியது. பஸ் ஸ்டாப்பில் ஒற்றைக் குடைக்கடியில் தாயும் மகளும். ஒச்சப்பன் ஹாரன் அடித்தான். வேகம் குறைத்தான். பேச்சியம்மாள் திரும்பவில்லை. கொஞ்ச தூரம் தள்ளிப் போய் ஓரமாக நிறுத்திக் கண்ணாடியில் பார்த்தான்.

வெள்ளை வேன் வந்து நின்றது. சீட்டை விட்டு இறங்கவே வேண்டாம் என்று சொன்ன வெங்கிட்டு, தலையில் ஒரு பிளாஸ்டிக் உறையைக் கவிழ்த்துக்கொண்டு இறங்கினான். வண்டியைச் சுற்றி வந்தான். அக்காவிடம் ஏதோ சொன்னான். அவள் மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். அவன் இன்னும் ஏதோ சொன்னான். ஷீஜா ஏறினாள்.

ஒச்சப்பனுக்குள் பழைய நெருப்பு அப்படியே இருந்தது. ஒரு மழையும் அதை அணைக்கவில்லை. பின்னாலிருந்து பிள்ளைகள், "டிரைவரங்கிள், லேட்டாகுது" என்றார்கள்.

"இருங்க" என்றான்.

வெங்கிட்டு கதவைச் சாத்தி, நீளமான அந்தத் தாழ்ப்பாளை இழுத்து, குழிக்குள் தள்ளி, உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டினான். அதைப் பார்த்த பிறகுதான் ஒச்சப்பன் கியரைப் போட்டான்.